ஒரு செயல், அரை நிமிடம்: கலைக்களஞ்சியத்துக்குக் காணொளி எடுக்கக் கற்பது குறித்து

புதுச்சேரிக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது கூனிமேடு. அங்கிருந்து மேலும் வடக்கே போனால் மரக்காணத்தின் உப்பளங்கள் வரும். உப்பு எப்படி விளைகிறது என்பதை எழுத்தில் சொல்லிவிடலாம். கடல்நீரின் அடர்த்தி போமே அளவையில் 3 முதல் 3.5 வரை இருக்கும். வெயிலிலும் காற்றிலும் அது வற்றி 25ஐத் தொடும்போது உப்பு படியத் தொடங்கும். 29 அல்லது 30ஐ எட்டுவதற்குள் எஞ்சிய கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். இல்லையென்றால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படியும். இந்த அளவுகளை எந்தக் கட்டுரையிலும் எழுதலாம். பாத்தியின் களிமண் தரையைக் கிளறாமல், மேலே படிந்த உப்பை மட்டும் வாருபலகையால் இழுத்து வரும் கையின் அழுத்தத்தை எழுத்தால் சொல்ல முடியாது. புகைப்படம் அந்த அசைவின் ஒரு கணத்தை மட்டும் காட்டும். அசையாமல் எடுத்த அரை நிமிடக் காணொளி அதை முழுமையாகக் காட்டிவிடும்.

விக்கிப்பீடியா போன்ற இணையக் கலைக்களஞ்சியங்களின் கட்டுரைகளுக்கு இத்தகைய குறுங்காணொளிகளை எடுக்க யார், எதை, எப்படிக் கற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. உலகில் இதுவரை நடந்த முயற்சிகளையும் அவற்றில் தோற்றவற்றையும் தமிழில் நடந்தவற்றையும் தொகுத்துப் பார்த்து, இந்த உப்பளக் கரைக்கு அவை என்ன சொல்கின்றன என்று ஆராய்கிறேன். கேமராவைக் கையாளக் கற்பது இதில் எளிய பகுதி. ஒரு செயலை மட்டும் முழுமையாகக் காட்டும் கட்டுப்பாடும், அந்தச் செயலைச் செய்பவரை ஆசிரியராக ஏற்கும் பணிவும், எடுத்ததை எல்லாருக்கும் உரியதாக விட்டுவிடும் மனமும்தான் கடினமான பாடங்கள் என்பது என் முடிவு.

முன்னோடிகள்

காணொளியை அறிவுத் தொகுப்பாகப் பார்க்கும் எண்ணம் இணையத்துக்கு முந்தியது. பிரெஞ்சு வங்கியாளர் ஆல்பர்ட் கான் 1909 முதல் 1931 வரை தம் செலவில் ஒளிப்படக்காரர்களை நாடு நாடாக அனுப்பினார். 'பூமியின் ஆவணக் காப்பகம்' என்ற அந்தத் தொகுப்பில் ஏறத்தாழ 72,000 வண்ணக் கண்ணாடித் தகடுகளும் சுமார் 100 மணி நேரப் படச்சுருளும் சேர்ந்தன. மறையப்போகும் வாழ்க்கையைப் பதிந்துவைக்கும் அவசரம் அதன் பின்னால் இருந்தது. 1929இன் பொருளாதார வீழ்ச்சி அவர் செல்வத்தை அழித்தபோது பணியும் நின்றது.

நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் 1952இல் தொடங்கிய 'என்சைக்ளோபீடியா சினிமாட்டோகிராஃபிகா'. கோட்ஹார்ட் வொல்ஃப் முன்னின்று நடத்திய இத்திட்டத்தில் ஒரு படத்துக்கு ஒரு பொருள் என்பது விதி. ஒரு பறவை இரை எடுப்பது ஒரு படம். ஒரு ஊரில் பானை வனைவது இன்னொரு படம். பெரும்பாலான படங்களில் ஒலி கிடையாது. எங்கே, எப்போது, எப்படி எடுக்கப்பட்டது என்று விளக்கும் கையேடு ஒவ்வொரு படத்துக்கும் உண்டு. ஒரே செயல் வெவ்வேறு ஊர்களில் எப்படி நடக்கிறது என்று ஆய்வாளர்கள் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும் என்பதற்காகவே இந்த ஒழுங்கு.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. ஒரு படத்துக்கு ஒரு செயல் என்ற விதி இன்றைக்கும் சரி. குரலை விலக்கியது பெரிய இழப்பு. மனிதர்களின் வேலையைப் படமெடுக்கும்போது அவர்கள் பேசுவதும் பாடுவதும் வேலையின் பகுதிதான். அதை நீக்கினால் உழைப்பவர் வெறும் அசைவாகச் சுருங்கிவிடுகிறார். படங்களைக் காத்துவந்த கோட்டிங்கன் நிறுவனம் 2010இல் மூடப்பட்டது. தொகுப்பு ஹனோவரின் தொழில்நுட்ப நூலகத்துக்குப் போனது. உரிமைச் சிக்கல்களால் அதில் ஒரு பகுதிதான் இணையத்தில் திறந்திருக்கிறது. படம் எடுக்கும் நாளிலேயே உரிமத்தைத் தீர்மானிக்காவிட்டால் அரை நூற்றாண்டு உழைப்பும் பூட்டிய அறையில் தங்கிவிடும்.

இணையக் காலத்துக்கு வந்தால், 2011இல் அச்சல் பிரபாலா 'மக்களே அறிவு' என்ற பொருள்படும் ஆவணப்படம் ஒன்றை விக்கிமீடியா அறக்கட்டளையின் ஆதரவோடு உருவாக்கினார். மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபடி ஆகிய மொழிகளில், அச்சேறாத விளையாட்டுகளையும் வழக்கங்களையும் மக்களின் வாய்மொழியாகப் பதிந்து கட்டுரைக்கு ஆதாரமாக வைக்கலாமா என்று அது கேட்டது. அச்சு நூல்கள் குறைவாக உள்ள மொழிகளுக்கு இது உயிரான கேள்வி. அடுத்த ஆண்டுகளில் அமெரிக்காவில் ஆண்ட்ரூ லி தொடங்கிய 'விக்கி மேக்ஸ் வீடியோ' முயற்சி, இதழியல் மாணவர்களை விக்கிப்பீடியாவுக்குக் குறுங்காணொளி எடுக்கப் பழக்கியது. 2018 முதல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நடத்தும் அழிவுநிலைப் பொருள் அறிவுத் திட்டம், உலகெங்கும் மறைந்துவரும் கைத்தொழில்களைப் படமாக்கி இலவசமாக இணையத்தில் வைக்கிறது.

தோற்றதிலிருந்து கற்பது

வெற்றி பெற்றவற்றைவிட 2018இல் நடந்த ஒரு நீக்கம் நமக்கு அதிகம் கற்றுத்தருகிறது. ஆஸ்மோசிஸ் என்ற மருத்துவக் கல்வி நிறுவனம் தயாரித்த நூற்றுக்கணக்கான விளக்கக் காணொளிகள் ஆங்கில விக்கிப்பீடியாவின் நோய்க் கட்டுரைகளில் சேர்க்கப்பட்டிருந்தன. நல்ல குரல், நல்ல வரைபடம், திறந்த உரிமம் எல்லாம் இருந்தும், நீண்ட விவாதத்துக்குப் பின் அவை நீக்கப்பட்டன. எதிர்த்தவர்களின் வாதம் இது: கட்டுரையில் ஒரு வாக்கியம் தவறென்றால் யாரும் திருத்தலாம். ஆறு நிமிடக் காணொளியின் நடுவில் ஒரு தவறான வாக்கியம் இருந்தால் யாராலும் திருத்த முடியாது. கட்டுரைக்கு உள்ள மேற்கோள் ஒழுங்கு பேச்சுக்கு இல்லை. நிறுவனத்தின் பெயரும் சின்னமும் காணொளிக்குள்ளேயே இருந்தன. ஜேம்ஸ் ஹைல்மன் போன்ற மருத்துவர்கள் ஆதரித்தும் அந்த எதிர்ப்பு நியாயமானதாகவே நின்றது.

ஆகவே குரல் விளக்கமும் முன்னுரையும் சின்னமும் பின்னணி இசையும் இல்லாத, வெட்டி எடுத்து வேறு இடத்தில் பொருத்தத்தக்க துண்டே கலைக்களஞ்சியத்துக்குப் பொருந்தும். விளக்கம் கட்டுரையில் இருக்கட்டும். அங்கே அதைத் திருத்தலாம். காணொளி கண்ணால் சரிபார்க்கக்கூடியதை மட்டும் சொல்லட்டும். இன்னொரு ஆதாயமும் உண்டு. விளக்கக் குரல் இல்லாத துண்டைத் தமிழ்க் கட்டுரையிலும் மலையாளக் கட்டுரையிலும் சுவாகிலிக் கட்டுரையிலும் ஒருபோலப் பயன்படுத்தலாம். விக்கிப்பீடியா 300க்கு மேற்பட்ட மொழிகளில் இயங்குகிறது. மரக்காணத்தில் எடுத்த ஒரு துண்டு அத்தனைக்கும் போய்ச் சேரும்.

தமிழில் நடந்தது

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது, இ. மயூரநாதன் தொடக்கத்திலிருந்தே அதைக் கட்டியெழுப்பியவர்களில் முதன்மையானவர். 2017இல் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு இலட்சத்தைத் தொட்டது. படங்களுக்கான பெரிய முயற்சி 2011 நவம்பர் முதல் 2012 பிப்ரவரி வரை நடந்த தமிழ் விக்கி ஊடகப் போட்டி. தமிழர் வாழ்வு, தொழில், கலை, கருவிகள் பற்றிப் பல்லாயிரம் கோப்புகள் அதில், விக்கிப்பீடியாக்களுக்கான பொதுக் கோப்பகமான விக்கிமீடியா பொதுவகத்தில் சேர்ந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஒளிப்படங்கள். ஈழத்துப் பக்கம், 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் நூல்களோடு நிற்காமல் ஆவணகம் என்ற பல்லூடகக் காப்பகத்தில் ஒலிப்பதிவுகளையும் காணொளிகளையும் சேர்த்துவருகிறது. போரும் இடப்பெயர்வும் ஆவணங்களை எப்படி அழிக்கும் என்று கண்ட சமூகத்திடமிருந்து வந்த உழைப்பு அது.

திறந்த உரிமத்துக்குத் தமிழ்நாட்டில் அரசு முன்மாதிரியும் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களில் ஏறத்தாழ 2,000ஐ விக்கிமீடியாவின் இணைய நூலகமான விக்கிமூலத்துக்கு வழங்கியது. கல்வித் துறையிலும் தன்னார்வத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள், வழியும் இருக்கிறது. காணொளிக்கென்று ஒழுங்கான பயிற்சிதான் குறைவு.

படமெடுக்கும் திறனுக்கும் பஞ்சமில்லை. 2016இல் இணையக் கட்டணம் வீழ்ந்த பின் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து யூடியூப் வாசல்கள் நூற்றுக்கணக்கில் திறந்தன. புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து 2018இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களை எட்டியது. 'உங்கள் மீனவன் மூக்கையூர்' போன்ற சேனல்களில் மீனவர்களே தம் தொழிலைப் படமெடுத்துப் பேசுகிறார்கள். கடற்கரை இளைஞர்களுக்குக் கேமராவின் முன்னும் பின்னும் நிற்கத் தெரியும். அங்கே பார்வையாளரைத் தக்கவைக்கப் பேச்சும் வேகமும் ஆச்சரியமும் வேண்டும். கலைக்களஞ்சியத்துக்கு அவை மூன்றையும் விட்டுவிட வேண்டும். ஏற்கெனவே உள்ள பழக்கத்தில் எதை விடுவது என்பதுதான் இவர்களுக்கான பயிற்சி.

இந்தக் கரையில் என்ன எடுக்கலாம்

உப்பளத்திலிருந்தே தொடங்கலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சனவரியில் வேலை தொடங்கும். அடுத்த மழைக்குள் முடியும். ஒரு பருவத்துக்குள் கட்டுரைக்குத் தேவையான எல்லாத் துண்டுகளையும் எடுத்துவிடலாம். சேறு அகற்றிப் பாத்தியைக் காலால் மிதித்து இறுக்குவது, மடை திறந்து ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு நீர் பாய்ச்சுவது, அடர்த்திமானியை நீரில் மிதக்கவிட்டு அளவு பார்ப்பது, உப்பு வாருவது, வரப்புக்குச் சுமந்து வருவது, அம்பாரமாகக் குவிப்பது, கீற்றாலோ தார்ப்பாயாலோ மூடுவது. ஒவ்வொன்றும் தனித்தனித் துண்டு.

நீரில் உப்புப் பூப்பதைக் கண் பொறுமையாகப் பார்க்க முடியாது. அதற்கு டைம்லாப்ஸ் வேண்டும். 30 விநாடிக்கு ஒரு படம் என்று 12 மணி நேரம் எடுத்தால் 1,440 படங்கள் கிடைக்கும். விநாடிக்கு 24 என்று ஓட்டினால் சரியாக ஒரு நிமிடம். பகல் முழுவதும் வெயிலில் போன் சூடேறி நின்றுவிடும். ஆகவே நிழல் தட்டும் வெளி மின்கலமும் வேண்டும்.

கூனிமேட்டின் மீனவர் குடியிருப்புக் கரையில் இன்னொரு பட்டியல் காத்திருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் சோழமண்டலக் கரை முழுவதும் கட்டுமரத்தின் இடத்தை எடுத்துக்கொண்டன. மரங்களை எந்த வரிசையில் அடுக்கிக் கயிற்றை எப்படி வரிந்து கட்டுவது என்பது கையில் மட்டும் இருக்கும் அறிவு. அதைக் கட்டத் தெரிந்தவர்கள் முதுமையடைந்துவருகிறார்கள். இந்தத் துண்டுக்கு முதலிடம் தர வேண்டும். வலை ஊசியால் கண்ணி முடிவது, அலையைக் கணித்துப் படகை இறக்குவது, கரைவலை இழுப்பது ஆகியவை அடுத்து வரும். கரைவலை இழுக்கையில் ஒருவர் அம்பா எனும் வேலைப் பாட்டைப் பாட மற்றவர்கள் வாங்கிப் பாடினால், இழுப்பின் தாளமே பாட்டில்தான் இருக்கிறது. அங்கே ஒலியை நீக்கினால் செயலையே பாதி நீக்கியதாகும். விளக்கக் குரலை விடுவோம். வேலையின் ஒலியை விட வேண்டாம்.

மேற்கே கழுவெளி. 5,151 எக்டேருக்கு மேல் பரந்த இந்த உவர்நீர் ஈரநிலம் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வலசைப் பறவைகள் இரை தேடும் முறைகளைத் தனித்தனியே காட்டும் துண்டுகளுக்கு அது பெரும் களம். சரணாலயத்துக்குள் படமெடுக்க 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறையின் அனுமதி வேண்டும். கூட்டைக் கலைக்கும் நெருக்கமும், பறவையைப் பறக்கவைத்து எடுக்கும் படமும் எந்தக் கட்டுரைக்கும் தேவையில்லை.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி கூனிமேட்டில் வணிக நிலையம் வைத்திருந்தது. கம்பெனியின் பதிவுகளில் இவ்வூரின் பெயர் இன்றும் இருக்கிறது. அந்தக் கரையில் அன்று வலை இழுத்தவரும் உப்பு வாரியவரும் எப்படி வேலை செய்தார்கள் என்று காண ஒரு வழியும் இல்லை. இன்றைய தலைமுறைக்கு அந்த வழி சட்டைப்பையிலேயே இருக்கிறது.

எடுக்கும் முறை

அடிப்படை விதிகள் சில. போனைக் கிடைமட்டமாக வைக்க வேண்டும். கட்டுரைப் பக்கத்தில் செங்குத்துப் படம் சரியாக அமராது. முக்காலியில் நிறுத்தி, செயல் தொடங்குவதற்குச் சில விநாடி முன்பே பதிவைத் தொடங்கி, முடிந்த பிறகும் சில விநாடி விட வேண்டும். கேமராவைத் திருப்புவதும் ஜூம் செய்வதும் வேண்டாம். இடம் முழுவதும் தெரியும் தொலைவு, ஆள் தெரியும் நடுத்தொலைவு, கையும் கருவியும் தெரியும் அண்மை என்று ஒரே செயலை மூன்று முறை எடுத்தால் வேலை முழுமை பெறும்.

உப்பளம் கேமராவை ஏமாற்றும் இடம். வெள்ளைப் பரப்பைக் கண்டதும் போன் ஒளியைக் குறைத்து உப்பைச் சாம்பல் நிறமாகவும் ஆளின் முகத்தைக் கரியாகவும் ஆக்கிவிடும். திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஒளியையும் குவியத்தையும் பூட்டிக்கொள்ள வேண்டும். வேலை நடக்கும் அதிகாலையும் முற்பகலின் தொடக்கமும் ஒளிக்கும் நல்லவை. கடற்காற்று ஒலிவாங்கியில் இரையாமலிருக்கப் பஞ்சுறையோ துணியுறையோ வேண்டும். மின்விளக்கின் கீழ் வலை பின்னுவதை எடுத்தால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், விநாடிக்கு 25 அல்லது 50 ஃபிரேம் வைத்தால் படம் சிமிட்டாது. முக்காலியை வரப்பில் நிறுத்த வேண்டும். பாத்திக்குள் ஊன்றினால் ஒருவர் மிதித்து இறுக்கிய தரை கெடும். உப்புக்காற்று கருவியை அரிக்கும் என்பதால் வீடு திரும்பியதும் துடைத்துவைக்க வேண்டும்.

பக்கத்தில் யாருடைய போனிலாவது சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் பதிவைத் தொடங்கவே கூடாது. பாட்டின் பதிப்புரிமை அந்தத் துண்டையே பயன்படுத்த முடியாததாக்கிவிடும்.

கோப்பும் உரிமமும் ஒப்புதலும்

விக்கிமீடியா பொதுவகம் எம்பி4 கோப்பை ஏற்பதில்லை. அதன் காப்புரிமைக் கட்டுப்பாடுகள் காரணமாக 2014இல் பங்களிப்பாளர்கள் வாக்கெடுத்து மறுத்தார்கள். வெப்எம் வடிவமே அங்கே வழக்கம். 'வீடியோ2காமன்ஸ்' கருவி மாற்றித் தந்து ஏற்றியும் விடும். பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிரலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமோ அதைவிடத் தளர்வானதோ வேண்டும். வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை அங்கே செல்லாது. யூடியூபில் உள்ள தம் காணொளியின் உரிமத்தைக் கிரியேட்டிவ் காமன்ஸ் என்று மாற்ற சேனல்காரருக்கு அமைப்பிலேயே வசதி உண்டு. கடற்கரையின் சேனல்கள் தம் பழைய பதிவுகளில் சிலவற்றுக்கு அதைச் செய்தாலே பல கட்டுரைகள் வளம் பெறும்.

ஏற்றும்போது எழுதும் விவரக்குறிப்பு படத்துக்குச் சமமானது. ஊர், நாள், செயலின் பெயர், கருவியின் உள்ளூர்ப் பெயர், பருவத்தின் எந்தக் கட்டம் என்பவை இல்லாத துண்டைப் பின்னால் வருபவர் நம்ப முடியாது. கோட்டிங்கன் கையேட்டின் இடத்தை இன்று இந்தக் குறிப்பே நிரப்புகிறது. பேச்சோ பாட்டோ இருந்தால் வசன வரிகளைத் தனிக் கோப்பாகச் சேர்க்கலாம். அவை தனியே இருப்பதால் யாரும் திருத்தலாம், மொழிபெயர்க்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒப்புதல். திறந்த உரிமம் என்றால் படத்தில் உள்ளவரின் உருவம் உலகில் எங்கும், விளம்பரத்துக்கு அருகில்கூட, வரலாம். இதைச் சொல்லாமல் பெற்ற தலையாட்டல் ஒப்புதல் ஆகாது. எடுத்த துண்டை அவரிடமே போட்டுக்காட்டி, முகம் வேண்டாமென்றால் கை மட்டும் தெரியுமாறு மறுபடி எடுக்க வேண்டும். விரும்பினால் விவரக்குறிப்பில் அவர் பெயரைத் தொழில் அறிந்தவராகப் பதிய வேண்டும். கூலிக்கு நேரம் கணக்கிடப்படும் இடத்தில் அவர் நேரத்தை எடுப்பதற்கு ஈடு தர வேண்டும்.

எதிர்ப்புகள்

கட்டுரை படிக்க வந்தவர் காணொளியை ஓட்டுவதில்லை என்பார்கள். பத்து நிமிடக் காணொளிக்கு அது பொருந்தும். முடிச்சுப் போடுவதைக் காட்டும் இருபது விநாடித் துண்டுக்குப் பொருந்தாது. நேரில் எடுத்த படம் சொந்த ஆய்வாகிவிடும் என்பது இன்னொரு தயக்கம். ஏற்கெனவே அறியப்பட்ட ஒன்றைக் காட்டும் சொந்தப் படங்களை விக்கிப்பீடியா வரவேற்கிறது. புதிய முடிவுகளைப் படத்தின் வழியே நுழைப்பதைத்தான் தடுக்கிறது. கேமராவுக்காகச் செய்து காட்டும் வேலை உண்மையான வேலை ஆகுமா என்பதே கடினமான கேள்வி. கைவிடப்பட்ட தொழில்நுட்பத்தைச் செய்து காட்டச் சொல்லித்தான் எடுக்க முடியும். அப்படி எடுத்ததை விவரக்குறிப்பில் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். நடந்துகொண்டிருக்கும் வேலையை அதன் போக்கில், பல நாள் கூட இருந்து, தொந்தரவில்லாமல் எடுப்பதே சரி.

செய்ய வேண்டியது

இதுவரை கண்டவை ஒரு பயிற்சியின் வடிவத்தைத் தருகின்றன. முதல் பாடம் கேமராவோடு தொடங்கக் கூடாது. மாணவர் உப்பளத்துக்குப் போய், வேலை செய்பவரிடம் படிகளைக் கேட்டு எழுதி, தமிழ் விக்கிப்பீடியாவின் உப்பளம் பற்றிய கட்டுரையை அவருக்குப் படித்துக்காட்டி, எங்கே குறை என்று கேட்க வேண்டும். அவர் சுட்டும் குறைகளே படப் பட்டியல். இரண்டாம் பாடம் முக்காலியும் ஒளியும். மூன்றாவது, எடுத்த துண்டை உப்பளத்திலேயே போட்டுக்காட்டித் தேர்வு செய்வது. அவர் தவறு என்று சொன்ன துண்டு வெளியேற வேண்டும். நான்காவது உரிமமும் விவரக்குறிப்பும். இந்த நான்குக்கும் விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

விழுப்புரம் மாவட்டத்துக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகளும் காட்சித் தொடர்பியல் துறைகளும், மரக்காணம் வட்டத்தின் மேல்நிலைப் பள்ளிகளும் இதைப் பாடவேலையாக எடுத்துக்கொள்ளலாம். வழிகாட்டத் தமிழ் விக்கிமீடியர்கள் இருக்கிறார்கள். மழை ஓய்ந்து வரும் சனவரியில் பாத்தி மிதிக்கும் வேலை தொடங்கும்போது முதல் துண்டை எடுத்தால், பருவம் முடிவதற்குள் உப்பு பற்றிய கட்டுரையின் ஒவ்வொரு படிக்கும் ஒரு காணொளி சேர்ந்துவிடும். கட்டுமரம் கட்டத் தெரிந்த பெரியவர்களின் கைகளை மட்டும் அந்தச் சனவரி வரைகூடத் தள்ளிப்போடக் கூடாது. அதை இந்த வாரமே எடுக்க வேண்டும்.